பிஸ்கட்டுக்கு முன்னால் ஒரு நோட்டு

மழைக்காலம் நெருங்கினால் எனக்கு வரும் கடிதங்களும் பெருகும். இம்முறை வந்தவற்றில் பாதிக்கு மேல் ஒரே கேள்வி: பேரிடரில் பெற்றோரை இழந்த குழந்தையைத் தத்தெடுக்க யாரை அணுகுவது? அதற்கு நடுவில் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். நீளமாகத்தான் இருக்கும்.

புயல் என்றாலே எங்கள் பள்ளிதான் முகாம். ஆசிரியர்களை முகாம் வேலைக்கு அழைக்கச் சட்டத்தில் இடமிருக்கிறதா? முகாமில் குழந்தைகளுக்கு என்னென்ன இருக்க வேண்டும்?
*தலைமையாசிரியை, வேதாரண்யம்*

இடமிருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு ஆசிரியர்களைக் கல்விக்குப் புறம்பான வேலைக்கு அனுப்பக் கூடாது என்கிறது. ஆனால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, தேர்தல், பேரிடர் நிவாரணம் மூன்றுக்கும் விலக்கு உண்டு. தாசில்தாரோடு வாதாடி நேரத்தைக் கழிக்காதீர்கள்.

தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2016இல் வெளியிட்ட குறைந்தபட்சத் தர விதிகளின்படி ஆளுக்கு மூன்றரை சதுர மீட்டர் இடம், நாளுக்கு 3 லிட்டர் குடிநீர், 30 பேருக்கு ஒரு கழிப்பறை, அதுவும் 50 மீட்டருக்குள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனிக் கழிப்பறை. குழந்தைகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் பால். இவற்றைக் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை. யாரும் தயவு செய்யவில்லை.

அந்த விதிகளுக்கு மேல் நான் இரண்டு சொல்வேன். கழிப்பறைக்குப் போகும் வழியில் இரவு முழுவதும் விளக்கு எரிய வேண்டும். 2018 நவம்பரில் கஜா வந்தபோது உங்கள் ஊர்ப் பக்கம் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. ஜெனரேட்டருக்கு டீசலை இப்போதே கேட்டு வையுங்கள். இருட்டில் தனியாகப் போய்வரும் சிறுமிக்கு என்ன நேரும் என்று விளக்கி எழுத எனக்கு விருப்பமில்லை. நேர்ந்தது தெரிந்தும் புகார் செய்யாதவர் போக்சோ சட்டப்படி குற்றவாளி, தலைமையாசிரியரும் சேர்த்துத்தான். இரண்டாவது, வாசலில் ஒரு நோட்டு. குழந்தையின் பெயர், யாருடன் வந்தது, யாருடன் போகிறது, அழைத்துப் போகிறவரின் கையெழுத்து. பிஸ்கட் கொடுப்பதற்கு முன்னால் நோட்டு.

அவசரத்தில் எந்த எண்ணை அழைப்பது? ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள்.
*வேளச்சேரி வாசகர்*

குழந்தை என்றால் 1098. உயிராபத்து என்றால் 112. மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநில அறை 1070. செல்பேசியில் மட்டும் வைத்திருக்காதீர்கள். சார்ஜ் தீர்ந்தால் எண்ணும் போய்விடும். பிள்ளையின் பையில் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் உங்கள் பெயர், எண், வெளியூர் உறவினர் ஒருவரின் எண் ஆகியவற்றை எழுதிப் போடுங்கள்.

கொரோனாவில் பெற்றோரை இழந்த குழந்தைகளுக்கு 50 லட்சம் தருகிறார்களாமே?
*கோயம்புத்தூர் வாசகர்*

'தருகிறார்களாமே' என்றால் யார் சொன்னது? எந்தக் குழந்தைக்காகக் கேட்கிறீர்கள்? இழந்தது தாயையா, தந்தையையா, இருவரையுமா? ஒன்றும் எழுதாமல் தொகையை மட்டும் எழுதியிருக்கிறீர்கள்.

2021 மே மாதம் தமிழக அரசு அறிவித்தது இது: இருவரையும் இழந்த குழந்தையின் பெயரில் 5 லட்சம் வைப்புநிதி, 18 வயதில் வட்டியோடு கிடைக்கும், ஒருவரை இழந்திருந்தால் 3 லட்சம், இருவரையும் இழந்து உறவினர் வீட்டில் வளர்ந்தால் மாதம் 3,000. இருவரையும் இழந்தவர்களுக்கு மத்திய அரசின் பிஎம் கேர்ஸ் திட்டம் தனி. அதில் 23 வயதில் 10 லட்சம். நீங்கள் கேள்விப்பட்ட 50 லட்சம், கொரோனா பணியில் உயிரிழந்த சுகாதாரப் பணியாளர்களுக்கான காப்பீடு. அதற்கும் இதற்கும் தொடர்பில்லை. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேளுங்கள், விவரங்களோடு.

திருமணமாகிப் பதினொரு ஆண்டுகளாகக் குழந்தை இல்லை. வயநாட்டைப் போல் எங்காவது நிலச்சரிவு, வெள்ளம் என்றால் பெற்றோரை இழந்த பெண் குழந்தை ஒன்றை, இரண்டு வயதுக்குள் இருந்தால் நல்லது, வளர்க்கத் தயாராக இருக்கிறோம். யாரை அணுகுவது?
*சேலம் தம்பதி (இதே பொருளில் இன்னும் பலர்)*

உங்கள் ஏக்கம் எனக்குப் புரிகிறது அம்மா. ஆனால் கடையில் புதுச் சரக்கு இறங்கியிருக்கிறதா என்று விசாரிப்பதைப் போல ஒரு நிலச்சரிவை விசாரிக்கிறீர்கள், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. 2024 ஜூலை 30இல் முண்டக்கையும் சூரல்மலையும் மண்ணில் புதைந்தன. சேற்றிலிருந்து உடல்களை எடுத்துக்கொண்டிருக்கும்போதே 'தத்தெடுக்கத் தயார்' என்ற பதிவுகள் குவிந்து, அப்படி யாரும் எடுத்துப்போக முடியாது என்று கேரள அமைச்சர் விளக்கம் தர வேண்டியதாயிற்று. 2021இல் கொரோனா இரண்டாம் அலையிலும் இதே கதைதான். பிறந்து சில நாளே ஆன குழந்தை, தாய் தந்தை இல்லை, இந்த எண்ணுக்கு அழையுங்கள் என்று வாட்ஸ்அப்பில் சுற்றியது. படித்தவர்கள்தான் அதிகம் அனுப்பினார்கள். அந்த ஜூனில் உச்ச நீதிமன்றமே, சட்டத்துக்குப் புறம்பான தத்தெடுப்பில் இறங்குகிறவர்கள்மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு உத்தரவிட்டது.

பேரிடரில் தனியாக நிற்கும் குழந்தை பெரும்பாலும் அநாதை இல்லை. கூட்டத்தில் கை நழுவிய குழந்தை. தேடிக்கொண்டு ஒரு தாத்தாவோ சித்தியோ வேறு முகாமில் இருப்பார்கள். 2010இல் ஹைட்டி நிலநடுக்கத்துக்குப் பிறகு அமெரிக்க மதக் குழுவினர் பத்துப் பேர் 33 குழந்தைகளை எல்லை தாண்டி அழைத்துப்போக முயன்று கைதானார்கள். 'அநாதைகளைக் காப்பாற்றுகிறோம்' என்றார்கள். விசாரித்தால் அந்தக் குழந்தைகளில் பெரும்பாலோருக்குப் பெற்றோர் உயிரோடு இருந்தார்கள்.

ஹைட்டிவரை போக வேண்டாம். 2005 ஜனவரி முதல் வாரம், சுனாமி அடித்துப்போன நாகப்பட்டினம் பக்கம், முகாமாக மாறிய ஒரு கல்யாண மண்டபம். நான்கு வயது இருக்கும், ஒரு பையன். பெயர் கேட்டால் 'தம்பி', அப்பா பெயர் கேட்டால் 'அப்பா', ஊர் கேட்டால் 'எங்க வீடு'. இரண்டாம் நாள் காரில் ஒரு பெண்மணி வந்தார். என் அக்கா மகன் என்று அழுதார். வாசலில் இருந்தவர் இரக்கப்பட்டுக் கொடுத்தே இருப்பார். நோட்டில் எழுதியிருந்ததை வைத்து நான் ஒரே கேள்வி கேட்டேன்: குழந்தை இடுப்பில் என்ன கட்டியிருக்கிறது? அந்த அம்மாளுக்குச் சொல்லத் தெரியவில்லை. காரும் போய்விட்டது. நான்காம் நாள் பக்கத்துக் குப்பத்து ஆயா ஒருத்தி வந்தாள். குழந்தையைக் காட்டுவதற்கு முன் அதே கேள்வியைக் கேட்டேன். 'கறுப்புக் கயிறு, செம்புத் தாயத்து. ஓரம் நசுங்கியிருக்கும், அம்மியில வெச்சுத் தட்டிட்டான்' என்றாள். நோட்டில் 'செம்புத் தாயத்து, ஒரு முனை நசுங்கியது' என்று என் கையெழுத்திலேயே இருந்தது. காரில் வந்தவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. உங்களைப் போல ஏங்கியவராகவே இருக்கலாம். கொடுத்திருந்தால் அந்த ஆயா கதி?

அதே சுனாமியில் இலங்கையின் கல்முனை மருத்துவமனையில் 81ஆவதாகச் சேர்க்கப்பட்ட கைக்குழந்தையை ஒன்பது தாய்மார் தன்னுடையது என்று கேட்பதாக உலகமெங்கும் செய்தி போனது. முறைப்படி உரிமை கோரி வந்தது ஒரே தம்பதி. நீதிமன்றம் மரபணுச் சோதனைக்கு உத்தரவிட்டது. 2005 பிப்ரவரியில் குழந்தை அவர்களிடமே போய்ச் சேர்ந்தது. பெற்றவர்களே ஆனாலும் ஒன்றரை மாதத்துக்கு மேல் காத்திருந்தார்கள். நிரூபித்துத்தான் வாங்க வேண்டும், அழுது வாங்கக் கூடாது.

யாரை அணுகுவது என்று கேட்டீர்கள் என்பதால் முதலில் சட்டம்: இளைஞர் நீதிச் சட்டம் 2015 இயற்கைப் பேரிடரில் பாதிக்கப்பட்ட குழந்தையைப் பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை என்றே வகைப்படுத்துகிறது. கண்டெடுத்தவர் பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும். உறவினர் யாரும் இல்லை என்று விசாரித்து, தத்துக்கு உரியது என்று அறிவிக்க இரண்டு வயதுக்குள் என்றால் இரண்டு மாதம், மேல் என்றால் நான்கு மாதம். இந்த வழியைத் தாண்டித் தத்துக் கொடுத்தாலும் வாங்கினாலும் மூன்று ஆண்டு வரை சிறை. பணம் கைமாறினால் ஐந்து ஆண்டு.

உங்களுக்கு வழி, மத்திய அரசின் தத்தெடுப்பு ஆணையமான காராவின் கேரிங்ஸ் இணையதளம். பதிவு செய்யுங்கள், வீட்டு ஆய்வுக்கு வருவார்கள், கைக்குழந்தை வேண்டுமென்றால் மூன்று, மூன்றரை ஆண்டு காத்திருக்க நேரும். இப்போதெல்லாம் தத்து ஆணையை ஆட்சியரே பிறப்பிக்கிறார், கோர்ட் அலைச்சல் குறைவு. பேரிடருக்காகக் காத்திருக்காதீர்கள், இன்றைக்கே பதியுங்கள்.

எங்கள் குடியிருப்போர் சங்கம் முகாம்களுக்கு 200 டின் பால் பவுடரும் பால் புட்டிகளும் அனுப்ப இருக்கிறது. எந்த நிறுவனப் பவுடர் சிறந்தது?
*அண்ணா நகர் வாசகர்*

எதுவும் வேண்டாம். குழந்தைகளுக்கான பால் பவுடரையும் புட்டியையும் அநாதை இல்லம் தவிர யாருக்கும் தானமாகக் கொடுக்கக் கூடாது என்று 1992ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. வெள்ளத் தண்ணீரில் கலக்கி, கொதிக்க வைக்காத புட்டியில் கொடுத்தால் மூன்றாம் நாள் வயிற்றுப்போக்கு. தாய்க்குச் சோறும், தண்ணீரும், ஒதுங்கி உட்கார ஒரு திரைமறைவும் கொடுங்கள். அதிர்ச்சியில் பால் வற்றிவிடும் என்று பக்கத்தில் உட்கார்ந்து பயமுறுத்துகிற கிழவிகளைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லுங்கள். தாய் இல்லாத சிசு என்றால் மருத்துவர் சொல்லும் பாலை, சொல்லும் அளவில், பாலாடைச் சங்கில் புகட்ட வேண்டும். 200 டின்னுக்கான பணத்தில் பாலாடை, ஓ.ஆர்.எஸ். பொட்டலம், துத்தநாக மாத்திரை, டார்ச் விளக்கு வாங்குங்கள்.

நிவாரணம் கொடுக்கும்போது குழந்தைகளோடு எடுத்த படங்களைப் போட்டால் நன்கொடை அதிகம் வருகிறது. நல்ல காரியத்துக்குத்தானே?
*தன்னார்வலர், கடலூர்*

இல்லை, தம்பி. பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையை அடையாளம் காட்டும் படமும் பெயரும் வெளியிட்டால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். ரொட்டிப் பொட்டலத்தை நீட்டிக்கொண்டு நீங்கள் சிரிக்கிறீர்கள், அந்தப் பெண் தலையைக் குனிந்திருக்கிறாள். படத்தை நீங்களே இன்னொரு முறை பாருங்கள். பெற்றோரைத் தேடப் படம் அவசியமென்றால் அதைக் குழந்தைகள் நலக் குழு முடிவு செய்யும்.

வெள்ளத்தில் மாற்றுச் சான்றிதழ் போய்விட்டது. திருநெல்வேலிப் பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர்க்க மறுக்கிறார்கள்.
*ஏரல் வாசகி*

மறுக்க முடியாது. எட்டாம் வகுப்பு வரை மாற்றுச் சான்றிதழோ வயதுச் சான்றோ இல்லை என்று சேர்க்கையை நிறுத்தக் கூடாது: கல்வி உரிமைச் சட்டம், பிரிவுகள் 5, 14. எழுத்தில் மறுக்கச் சொல்லுங்கள். எழுத மாட்டார்கள், சேர்த்துக்கொள்வார்கள்.

பள்ளியில் தீயணைப்புச் சாதனம் சுவரில் இருக்கிறது. போதுமா?
*பெற்றோர், கும்பகோணம்*

உங்கள் ஊரிலிருந்தா இந்தக் கேள்வி? 2004 ஜூலை 16இல் 94 குழந்தைகள். ஒரே கட்டடத்தில் மூன்று பள்ளிகள், சமையலறைக் கூரையில் பிடித்த தீ வகுப்பறைக் கூரைக்குத் தாவியது, ஓடி இறங்க வழி குறுகல். 2009இல் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் பள்ளிகளுக்குப் பாதுகாப்பு விதிகளைக் கட்டாயமாக்கியது அதன் விளைவாகத்தான். சாதனத்தில் காலாவதித் தேதியைப் பாருங்கள். அதைவிட, மாடியிலிருந்து எத்தனை நிமிடத்தில் எல்லோரும் இறங்குகிறார்கள் என்று ஒத்திகை பார்த்தார்களா, மாடிக் கதவின் பூட்டுச் சாவி யாரிடம் என்று கேளுங்கள். வெளியே வந்தபின் தலை எண்ண ஒரு நோட்டு இருக்கிறதா என்றும்.

வெள்ளத்தில் தங்கையும் அவள் கணவரும் போய்விட்டார்கள். இரண்டு பிள்ளைகளும் என்னிடம்தான். தகவல் கொடுத்தால் விடுதிக்குக் கொண்டுபோய்விடுவார்கள் என்று பயமாக இருக்கிறது.
*ஒரு பெரியம்மா, ஸ்ரீவைகுண்டம்*

கொண்டுபோக மாட்டார்கள் அம்மா. விடுதி கடைசி வழி. உறவினர் வீடுதான் முதல் வழி, சட்டமும் அப்படித்தான் சொல்கிறது. மறைத்து வைத்தால்தான் சிக்கல். தங்கை, மாப்பிள்ளை இருவரின் இறப்புச் சான்றிதழ், பிள்ளைகளின் ஆதார், உங்கள் குடும்ப அட்டை நகல் எடுத்துக்கொண்டு தூத்துக்குடியில் உள்ள மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போங்கள். நலக் குழு உங்கள் பொறுப்பில் விட்டு ஆணை தரும். வருமான வரம்புக்குள் இருந்தால் மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் பிள்ளைக்கு மாதம் 4,000 நிதி ஆதரவு உண்டு. அரசு தரும் இறப்பு நிவாரணத் தொகையைப் பிள்ளைகள் பெயரில் வைப்பாகப் போடச் சொல்லுங்கள். மாப்பிள்ளை வீட்டார் யாராவது கேட்டு வந்தால் நலக் குழு ஆணையைக் காட்டுங்கள். பெரியவன் பள்ளிக்குப் போகிறானா என்று எழுதவில்லையே? அதை மட்டும் ஒரு அஞ்சலட்டையில் போடுங்கள்.