கான்கிரீட் ஃபடீக் கணக்குக்கு மைனர் ரூல் மட்டும் போதுமா?

எம்ஆர்டி ரயில் பாலம் மாதிரி தினமும் லோடு ஏறி இறங்குற இடத்துல ஃபடீக்னால, அதாவது திரும்பத் திரும்ப லோடு வர்றதால, கான்கிரீட்ல வர்ற டேமேஜை மாடல் பண்ண, எஸ்-என் கர்வும் (எந்த ஸ்ட்ரெஸ்ல எத்தனை தடவை தாங்கும்னு காட்டுறது) மைனர் ரூலும் (ஒவ்வொரு லோடும் தின்ன ஆயுள் பங்கைக் கூட்டுறது) போதுமான்னு கேட்டிருக்கீங்க தம்பி. டிசைன் செக்குக்குப் போதும், உள்ள டேமேஜ் எப்படி வளருதுன்னு காட்டப் போதாது.

டெப்ஃபர்ஸும் குட்டியும் 1979ல குடுத்த எஸ்-என் ஃபார்முலாவைப் போட்டுப் பாருங்க. அதிகபட்ச ஸ்ட்ரெஸ் ஸ்ட்ரெங்த்ல 70%, குறைஞ்சபட்சம் அதுல பத்துல ஒரு பங்குன்னு வச்சா சுமார் 73,000 சைக்கிள் (ஒரு தடவை லோடு ஏறி இறங்குறது ஒரு சைக்கிள்) தாங்கும், அதையே 75% ஆக்குனா 11,000 சொச்சம்தான். ஒரே மிக்ஸ்ல போட்ட டெஸ்ட் சிலிண்டர்கள்லயே ஸ்ட்ரெங்த்ல 5% வித்தியாசம் சாதாரணமா வரும், அதனால ஆயுளை ஒத்தை நம்பரா நம்பாம ப்ராபபிலிட்டியோட சொல்லுங்க.

மைனர் ரூல்ல பெரிய லோடு முதல்ல வந்தாலும் கடைசில வந்தாலும் கூட்டுத்தொகை ஒண்ணுதான், ஆனா நிஜத்துல வரிசை மாறுனா ஆயுளும் மாறும். டெஸ்ட்ல ஸ்ட்ரெயினை (கான்கிரீட் எவ்ளோ அமுங்குதுங்கறதை) பாத்தீங்கன்னா, முதல் 10% ஆயுள்ல சடசடன்னு ஏறும், அப்புறம் ஏறக்குறைய 80% வரைக்கும் ஒரே சீரா போகும், அதுக்கப்புறம் மறுபடி வேகமெடுத்து உடையும். அந்த நடுக்கட்டத்துல ஸ்ட்ரெயின் ஏறுற வேகம்தான் ஆயுளோட ரொம்ப நல்லா ஒத்துப்போகுது, ஸ்ட்ரெஸ் லெவலை விட நான் அதைத்தான் நம்புவேன்.

அதனால ஸ்டிஃப்னெஸ் (விறைப்பு) எவ்ளோ குறைஞ்சிருக்குன்னு அளந்து அதை டேமேஜ் வேரியபிளா, அதாவது டேமேஜைக் காட்டுற அளவா வச்சு மாடல் கட்டுங்க. லட்சக்கணக்கான சைக்கிளையும் ஒவ்வொண்ணா ஓட்ட முடியாது, கொஞ்சம் ஓட்டிட்டு சைக்கிள் ஜம்ப் பண்ணலாம், அதாவது நடுவுல நிறைய சைக்கிளைத் தாண்டிப் போகலாம், ஆனா முதல் கட்டத்துலயும் கடைசிக் கட்டத்துலயும் தாவாதீங்க. பீம்னா மேல் விளிம்பு தளரத் தளர அங்க இருக்குற ஸ்ட்ரெஸ் கீழ இருக்குற அடுக்குகளுக்கு மாறும், எஸ்-என் கர்வுக்கு இது தெரியவே தெரியாது. லோடு மெதுவா போட்டா க்ரீப்பும் (லோடு அப்படியே இருக்கும்போதே நேரம் போகப் போக அமுங்குறது) கலந்து வரும், அதைப் பிரிச்சு எடுக்கணும். ஈரத்துல இருக்குற கான்கிரீட் சீக்கிரமே போயிடும், கடலுக்குள்ள நிக்கிற தூணுக்கு காய்ஞ்ச சிலிண்டர் ரிசல்ட்டைப் போடாதீங்க.

இவ்ளோவுக்கும் முன்னாடி ஒண்ணு, சாதாரண ஆர்சி (கம்பி போட்ட கான்கிரீட்) பீம்ல பெரும்பாலும் முதல்ல ஃபடீக்ல போறது கம்பிதான். கம்பி செக் பண்ணிட்டு கான்கிரீட்டுக்கு வாங்க.