கன்சோலில் சர்வர் முகவரியை எங்கே போடுவது?

கேள்வி: நண்பர் வாடகைக்கு எடுத்த மைன்கிராஃப்ட் சர்வரில் எல்லோரும் கணினியிலிருந்து விளையாடுகிறார்கள். என் பிளேஸ்டேஷனில் முகவரியைத் தட்டச்சு செய்ய இடமே காணோம். நான் சேரவே முடியாதா?

பதில்: சேரலாம், கொஞ்சம் சுற்றுவழிதான். நீங்கள் தேடும் இடம் கன்சோலில் உண்மையிலேயே கிடையாது. மைன்கிராஃப்டில் இரண்டு பதிப்புகள்: கணினிக்கான ஜாவா, கைபேசி, விண்டோஸ், கன்சோல்களில் ஓடும் பெட்ராக். கைபேசி, விண்டோஸ் பெட்ராக் பதிப்புகளில் சர்வரைச் சேர்க்கும் பொத்தான் இருக்கிறது. பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ், ஸ்விட்ச் மூன்றிலும் ஹைவ், கியூப்கிராஃப்ட் போன்ற அங்கீகாரம் பெற்ற சில சர்வர்கள் மட்டுமே பட்டியலில் வரும்.

முதலில் நண்பரிடம் கேளுங்கள்: சர்வர் ஜாவாவா, பெட்ராக்கா? எல்லோரும் கணினிக்காரர்கள் என்றால் எனக்கு ஜாவா என்றுதான் சந்தேகம். அப்படியானால், பெட்ராக்கில் இருப்பவர்களை ஜாவா சர்வரில் சேரவிடும் கெய்சர் மென்பொருளை அவர் சர்வரில் நிறுவ வேண்டும். அது இல்லாமல் கன்சோலில் நீங்கள் என்ன செய்தாலும் வீண். நிறுவிய பிறகும் போர்ட்டில்தான், அதாவது சர்வருக்குள் நுழையும் எண்ணிட்ட வாசலில்தான், பலர் சறுக்குவார்கள். ஜாவாவுக்கு வழக்கமானது டிசிபி 25565, பெட்ராக்குக்கு யுடிபி 19132. முன்னதைத் திறந்துவிட்டுப் பின்னதை மறந்துவிடுவார்கள். இதைச் சோதிக்க ஒரு வழி உண்டு: யாருடைய கைபேசியிலாவது பெட்ராக் இருந்தால், அதே முகவரியையும் போர்ட்டையும் போட்டுச் சேர்ந்து பாருங்கள். நுழைய முடிந்தால் சர்வர் சரி, இனி கன்சோலைப் பார்த்தால் போதும்.

கன்சோலுக்கு நான் முதலில் சொல்வது லேன், அதாவது வீட்டு நெட்வொர்க் வழி. விளையாட்டு அதே வைஃபையில் யாராவது உலகம் திறந்திருக்கிறார்களா என்று தானாகவே தேடும். கைபேசியில் பெட்ராக்டுகெதர் செயலியோ கணினியில் ஃபாண்டம் நிரலோ சர்வர் முகவரியுடன் ஓடினால், தொலைவில் உள்ள சர்வரையே பக்கத்து அறையில் இருப்பதுபோல் அது அறிவிக்கும். கன்சோலின் அமைப்புகளைத் தொடவே வேண்டாம். கன்சோலும் அந்தக் கைபேசி அல்லது கணினியும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும். விருந்தினர் வைஃபையில் ஒன்றையொன்று பார்க்க முடியாமல் போவது சகஜம்.

அது சரிவராவிட்டால்தான் டிஎன்எஸ் வழி. டிஎன்எஸ் என்பது இணையப் பெயரைச் சொன்னால் அதன் முகவரி எண்ணைத் தரும் சேவை. கன்சோலின் நெட்வொர்க் அமைப்பில் பெட்ராக்கனெக்ட் என்ற சேவை தரும் டிஎன்எஸ் எண்ணைப் போட்டால், பட்டியலில் உள்ள சர்வர் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது அதற்குப் பதிலாக முகவரி கேட்கும் திரை வரும். அந்தப் பட்டியலுக்குள் போக மைக்ரோசாஃப்ட் கணக்கும் பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தாவும் வேண்டும். இந்த வழி எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. அந்த எண் இருக்கும்வரை உங்கள் கன்சோல் கேட்கும் ஒவ்வொரு இணையப் பெயருக்கும் முன்பின் தெரியாத ஒருவரின் கணினிதான் பதில் சொல்கிறது. விளையாடி முடித்ததும் பழையபடி தானியங்கிக்கு மாற்றிவிடுங்கள்.

அப்புறம், நேற்று நுழைந்த சர்வர் இன்று கதவைச் சாத்தினால் உடனே அமைப்புகளைக் கலைக்காதீர்கள். பெரும்பாலும் கன்சோலில் உள்ள விளையாட்டு இரவோடிரவாகப் புதிய பதிப்புக்கு மாறியிருக்கும், சர்வர் பழையதிலேயே நிற்கும். நண்பர் சர்வரையும் கெய்சரையும் புதுப்பிக்கும்வரை காத்திருப்பதைத் தவிர உங்கள் பக்கம் செய்ய ஒன்றுமில்லை.