வன்னியில் பச்சைக்கல் தேடுகிறவர்களின் கேள்விகளும் என் பதில்களும்

பச்சைக்கல் பற்றி வட இலங்கையில் வன்னி, மன்னார்ப் பக்கத்து நம் ஆட்கள் கேட்டவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன். ஒரு விசயத்தை முதலே சொல்லிவிடுகிறேன், படம் மட்டும் அனுப்பிப் பெயர் கேட்காதீர்கள். பச்சை நிறத்தில் இருபது வகைக் கல் இருக்கும். எடை, கடினம், வெளிச்சம் உள்ளே போகும் விதம், இந்த மூன்றையும் பார்த்தால்தான் கல் எது என்று தெரியும்.

செட்டிகுளத்தில் இருந்து: அண்ணா, அருவி ஆற்று மணலில் பாசிப் பச்சையில் ஒரு கல் எடுத்தேன். மரகதமா?

மரகதம் என்ற நினைப்பை விடுங்கள் தம்பி. இலங்கை இரத்தினக்கல்லுக்குப் பேர்போன நாடுதான், ஆனால் மரகதம் என்றால் கொலம்பியா, சாம்பியா, பிரேசில். நம் நாட்டில் பச்சையாகக் கிடைப்பவை துர்மலின், சிர்க்கோன், பச்சைச் சபையர், கிரிசோபெரில், அவையும் பெரும்பாலும் இரத்தினபுரி, எலஹெர பக்கத்தில்தான். வவுனியா, செட்டிகுளம் பக்கம் நிலத்துக்கு அடியில் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிய மிகப் பழைய பாறை இருக்கிறது, அருவி ஆறும் அனுராதபுரப் பக்கத்தால் வருவதால் மேலே உடைந்த பாறைத் துணுக்குகளையும் கொண்டுவரும். அதனால் மணலை அரித்தால் கார்னெட், சிர்க்கோன் பொடிகள் வருவது வழமை. பச்சையாக வருவது எபிடோட், டயப்சைட் என்ற பச்சைக் கனிமங்களில் ஒன்றாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம், அதற்கும் முதல் சந்தேகப்பட வேண்டியது போத்தல் கண்ணாடியை. கல்லின் ஒரு மூலையால் பழைய போத்தலில் அழுத்திக் கீறிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போனால் கண்ணாடியோ அதைவிட மென்மையான கல்லோதான். ஆழமாகக் கீறினால் மேற்கொண்டு சோதித்துப் பார்க்கலாம். கத்தியால் கல்லைக் கீறிப் பார்க்க மட்டும் வேண்டாம், நல்ல கல்லாக இருந்தால் அதன் விலையும் போய்விடும்.

நெடுங்கேணியில் இருந்து: தம்பி, ஒரு வியாபாரி என் கல்லைப் பெரிடோட் என்கிறார், நம்பலாமா?

அக்கா, பெரிடோட் என்பது மஞ்சள் கலந்த பச்சைக் கல், அது பெரும்பாலும் எரிமலைக் குழம்பு உறைந்த பசால்ட் பாறையோடு மேலே வருவது. அரிசோனாவின் சான் கார்லோஸ் அப்படிப்பட்ட இடம். எகிப்தின் சபர்கட் தீவு, பாகிஸ்தானின் கோகிஸ்தான், பர்மாவின் மொகொக் எல்லாம் அதற்குப் பேர்போனவை. வன்னியில் அந்த எரிமலைப் பாறை இல்லை. அதோடு மஞ்சள் கலந்த பச்சைத் துர்மலினை 'சிலோன் பெரிடோட்' என்று விற்ற பழக்கமும் பழைய வியாபாரத்தில் இருந்தது, உங்கள் வியாபாரி அந்தப் பேச்சைக் கேட்டவராக இருக்கலாம். பிரித்தறிவது கஷ்டமில்லை. கல்லைப் பகல் வெளிச்சத்தில் பிடித்து மெதுவாகத் திருப்புங்கள். துர்மலின் ஒரு பக்கத்தால் பார்க்கும்போது இருண்டும் இன்னொரு பக்கத்தால் தெளிந்தும் இருக்கும், முனை உடையாத கல்லானால் நீளவாக்கில் நுண்ணிய கோடுகளும் குறுக்கே வட்டமான முக்கோண வடிவும் தெரியும். பெரிடோட்டில் திருப்பினாலும் நிறம் பெரிதாக மாறாது, ஆனால் பட்டை தீட்டிய கல்லைப் பத்து மடங்கு லென்ஸ் வைத்துப் பார்த்தால் பின்பக்கத்து விளிம்புகள் இரட்டை இரட்டையாகத் தெரியும்.

துர்மலினுக்கு இன்னொரு குணம் உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. இலேசாகச் சூடாக்கினால் சாம்பலைத் தன்பக்கம் இழுக்கும். இலங்கையில் இருந்து கல்லைக் கொண்டுபோன ஒல்லாந்தர் அதைக் கண்டு, புகையிலை பிடிக்கும் குழாயின் சாம்பலை எடுக்க அதையே பாவித்தார்கள். நெருப்பில் போடாதீர்கள், கல் வெடிக்கும். சூடான தண்ணீரில் சற்று வைத்து, துடைத்து, அடுப்புச் சாம்பலின் கிட்டப் பிடித்தால் போதும்.

கிளிநொச்சியில் இருந்து: எடையைப் பார்த்துச் சொல்வது எப்படி?

நகைக் கடைத் தராசு ஒன்று, 0.01 கிராம் காட்டுவது, இருந்தால் சரி. முதலில் கல்லை நிறுங்கள். அப்புறம் ஒரு சின்னக் கோப்பையில் தண்ணீர் எடுத்துத் தராசில் வைத்துப் பூச்சியமாக்கி, கல்லை நூலில் கட்டி அடியில் முட்டாமல் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். தராசு காட்டும் எண்ணால் கல்லின் எடையைப் பிரியுங்கள், கல் தண்ணீரைவிட எத்தனை மடங்கு கனம் என்று வரும். கல் 6.4 கிராம், தண்ணீரில் 2.1 என்று வந்தால் விடை 3.05, அது துர்மலினுக்குச் சேரும். சாதாரணக் கண்ணாடி 2.5 பக்கம், குவார்ட்ஸ் 2.65, மரகதம் 2.7, பெரிடோட் 3.3, கிரிசோபெரில் 3.7, சபையர் 4.0. கல்லில் காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் கணக்குப் பிழைக்கும், ஒரு துளி சவர்க்கார நீர் விட்டால் குமிழி போய்விடும்.

முல்லைத்தீவுக் கரையில் இருந்து: கடற்கரையில் பொறுக்கிய பச்சைத் துண்டுகள் கண்ணாடியா?

பெரும்பாலும் ஆம். அலையில் உருண்டு மேலே மங்கிப்போயிருக்கும், ஈரமாக்கி டோர்ச் அடித்தால் உள்ளே உருண்டையான குமிழிகள் தெரியும். எரிந்த வீடுகளின் அடியில் உருகிய போத்தலும் இப்படித்தான் ஏமாற்றும். கரையில் கறுப்பாகப் படிவது இல்மனைட் என்ற தாதுமணல், அதோடு கார்னெட்டும் சிர்க்கோனும் கலந்திருக்கும், எல்லாம் மணல் அளவுதான்.

ஒட்டுசுட்டானில் இருந்து: காட்டுப் பக்கம் தோண்டிப் பார்க்கலாமா?

வேண்டாம், இதில் நான் கடுமையாகத்தான் சொல்வேன். மிதிவெடி இன்னும் முழுதாக எடுத்து முடியாத நிலம் இது, மண்டையோட்டுப் பலகை இல்லாத இடமெல்லாம் பாதுகாப்பானது என்று அர்த்தமில்லை. ஆட்கள் தினமும் நடக்கிற ஆற்றங்கரை, உழுத வயல், இந்த இடங்களின் மேற்பரப்பில் மட்டும் பாருங்கள். கம்பி, குழாய், துருப்பிடித்த எதைக் கண்டாலும் தொடாமல் வந்த தடத்திலேயே திரும்பி, கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ சொல்லுங்கள். அதுபோக இரத்தினக்கல் அகழ 1993ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டப்படி தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகார சபையின் அனுமதிப்பத்திரம் வேண்டும், காணி உங்கள் சொந்தமாக இருந்தாலும்.

மன்னாரில் இருந்து: மாந்தைப் பக்கம் ஓட்டை போட்ட பச்சை மணி ஒன்று கண்டேன். எடுக்கலாமா?

எடுக்காதீர்கள் தங்கச்சி. மாந்தை பழைய துறைமுகம், அங்கே தென்படும் மணிகள் தொல்பொருள். இடத்தோடு இருந்தால்தான் அதற்கு வரலாறு. படம் எடுத்துத் தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள்.

வவுனியாவில் இருந்து: கல் நல்லது என்று பட்டால் எங்கே காட்டுவது?

வெட்டக் கொடுக்கும் முன், விலை பேசும் முன், சோதனைக்குக் கொடுங்கள். கொழும்பில் அதிகார சபைக்கே ஆய்வுகூடம் இருக்கிறது. எடுத்த இடம், நாள், நீங்கள் நிறுத்த எடை, இவற்றை ஒரு கடதாசியில் எழுதிக் கல்லோடு வையுங்கள், ஒவ்வொரு கல்லையும் தனித்தனிப் பையில் போடுங்கள், ஒன்றோடொன்று உரசினால் கடினமான கல் மற்றதைக் கீறிவிடும்.