டெக்சாஸ் பாலைவனத்தில் நடக்கும் சில்லி சமையல் போட்டியைப் பார்க்கப் போகலாமா?

தாராளமாகப் போகலாம். நீங்கள் கேட்பது டெர்லிங்குவாவைப் பற்றி. பிக் பெண்ட் தேசியப் பூங்காவை ஒட்டிய, பாதரசச் சுரங்கம் மூடியதும் ஆளொழிந்துபோன ஊர். 1967இல் செய்தியாளர் விக் ஃபௌலரும் நகைச்சுவை எழுத்தாளர் எச். ஆலன் ஸ்மித்தும் இங்கே கரண்டியோடு மோதினார்கள், முடிவு சமன். இப்போது நவம்பர் முதல் சனிக்கிழமை இறுதிச் சுற்று. கோஷ்டி பிரிந்ததால் ஒன்றுக்கு இரண்டு போட்டிகள்!

சில்லி என்றால் நம் மிளகாய்ச் சட்னி அல்ல. மிளகாய்த்தூள் மசாலாவில் நிதானமாக வெந்த மாட்டிறைச்சி. அதில் பீன்ஸ் போட்டால் போட்டியிலிருந்து வெளியேற்றிவிடுவார்கள்.

ஆல்பைன் நகரம் சுமார் 130 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அங்கேயே பெட்ரோலும் தண்ணீரும் நிரப்பிக்கொள்ளுங்கள். பகல் வெயிலை நம்பிக் கம்பளியை விட்டுச் சென்றால் இரவில் கூடாரத்துக்குள் நடுங்குவீர்கள்.