வாசகர் கேள்வி: ஸ்கேனில் தெரியும் வெள்ளைப் புள்ளிகள்

கேள்வி: அப்பாவுக்கு வயது 68, நான்கு வருடமாகப் பார்க்கின்சன். புதிய எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் 'வெண்பொருளில் புள்ளிகள், ஃபேசிகாஸ் 1' என்று போட்டிருக்கிறார்கள். நோய் மூளை முழுக்கப் பரவிவிட்டதா?

பதில்: இல்லை. பார்க்கின்சனில் முக்கியமாக அழிவது நடுமூளையில், உடல் அசைவுக்கு உதவும் டோபமைன் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் செல்கள். சாதாரண எம்.ஆர்.ஐ.யில் அந்த அழிவு பிடிபடாது. நோய் இருந்தும் ஸ்கேன் 'நார்மல்' என்று வருவது அதனால்தான். எம்.ஆர்.ஐ.யின் ஒரு வகையான ஃபிளேர் படத்தில் வெள்ளையாகத் தெரிவது பெரும்பாலும் வேறு விவகாரம்: வெண்பொருளுக்கு, அதாவது மூளைக்குள் ஓடும் நரம்பு இழைகளுக்கு, ரத்தம் கொண்டுபோகும் நுண்குழாய்கள் பழுதானதன் தடம். வயதும் ரத்த அழுத்தமும்தான் முதல் காரணங்கள்.

இந்தப் புள்ளிகள் எவ்வளவு என்று குறிக்கும் ஃபேசிகாஸ் அளவு 0 முதல் 3 வரை. ஆழ்வெண்பொருளில் சிதறிய பொட்டுகள் என்றால் 1, பொட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கினால் 2, பெரிய திட்டுகளாகிவிட்டால் 3. மூளை அறைகளின் ஓரத்துக்குத் தனி மதிப்பெண் உண்டு. ரிப்போர்ட்டில் ஒரே எண் இருந்தால் அது எந்த இடத்துக்கு என்று கேளுங்கள். இந்த வயதில் 1 என்பது நரை முடி மாதிரி.

2, 3 என்று ஏறினால் யோசிக்க வேண்டும். நடை தடுமாறலாம், சிந்தனை மந்தமாகலாம், லெவோடோபா (டோபமைன் குறையை ஈடுகட்டும் மாத்திரை) கொடுத்தும் கால்கள் சரியாக ஒத்துழைக்காமல் போகலாம். கைகள் நன்றாக இருக்க, ஆரம்பம் முதலே கால்கள் மட்டும் தரையில் ஒட்டிக்கொண்டால், ரத்தக்குழாய் கோளாறால் வரும் பார்க்கின்சனிசமா (பார்க்கின்சன் போன்ற அறிகுறிகளா) என்று டாக்டர் பார்ப்பார்.

புள்ளிகளைப் பார்த்துப் பயந்து பிரஷர் மாத்திரையை நீங்களாகக் கூட்டிவிடாதீர்கள். பார்க்கின்சனில் எழுந்து நின்றதும் பிரஷர் இறங்குவது சகஜம். 5 நிமிடம் படுக்கவைத்து ஒருமுறை, நின்ற 1-வது, 3-வது நிமிடங்களில் மறுபடி அளந்து குறித்துக்கொண்டு போங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் டாக்டரிடம் அவசியம் சொல்லுங்கள்.

கேள்வி: டி.டி.ஐ. (நரம்பு இழைகளைப் பார்க்கும் ஒரு வகை எம்.ஆர்.ஐ.) ஸ்கேன் எடுத்தால் நோயின் கட்டம் தெரியுமா?

பதில்: தனி ஒருவருக்குத் தெரியாது. நரம்பு இழைகளை ஒட்டி நீர் எந்த அளவுக்கு ஒரே திசையில் நகர்கிறது என்பதை அது 0 முதல் 1 வரை எண்ணாக்குகிறது. இழைகள் சிதைந்தால் எண் குறையும். ஆனால் இழைகள் குறுக்கே வெட்டிக்கொள்ளும் இடத்திலும் எண் குறையும், தலை அசைந்தாலும் மாறும், மெஷினுக்கு மெஷினும் வேறுபடும். நடுக்கம் உள்ளவர் கூடுதலாக அசைவார் என்பதால், நோயே இழைகளைச் சிதைத்ததுபோல ஒரு பொய்த்தோற்றம் வரும். ஆராய்ச்சியில் ஒரு கூட்டத்தை இன்னொரு கூட்டத்தோடு ஒப்பிட நல்ல கருவி. மாத்திரை அளவை முடிவு செய்ய அல்ல.

கேள்வி: கை நடுக்கத்தோடு ஸ்கேன் எடுக்கலாமா?

பதில்: எடுக்கலாம். மாத்திரை வேலை செய்யும் நேரமாகப் பார்த்து அப்பாயின்ட்மென்ட் வாங்குங்கள். வேளை மாத்திரையை நிறுத்த வேண்டாம். மாத்திரை உச்சத்தில் உடம்பு நெளியும் ஆளாக இருந்தால் அந்த நேரத்தைத் தவிருங்கள். தலைக்கு இருபுறமும் பஞ்சு மெத்தை வைக்கச் சொல்லலாம். மூளைக்கு மின்தூண்டல் தரும் டி.பி.எஸ். கருவி பொருத்தியிருந்தால் அதன் அட்டையைத் தேதி வாங்கும்போதே காட்டிவிடுங்கள்; சில மாடல்களுக்கு ஸ்கேன் கட்டுப்பாடுகள் உண்டு.