தோல் வறண்டு எரியும்போது சருமத்தைச் சீராக்கும் களிம்புகள் உண்மையிலேயே பயன் தருமா?

பயன் தரும், ஆனால் எப்போது பூசுகிறோம் என்பதைப் பொறுத்தே அந்தப் பயன் கூடவும் குறையவும் செய்கிறது. ஒரு குளிர்காலம் முழுவதும் என் விரல் கணுக்கள் வெடித்து, சோப்பு பட்டாலே எரிந்தன. நாளுக்கு நான்கைந்து முறை களிம்பு தடவியும் குணம் தெரியாததற்குக் காரணம், கை முற்றிலும் காய்ந்து தோல் இழுக்கத் தொடங்கிய பிறகே அதைப் பூசி வந்ததுதான் என்பதைத் தோல் மருத்துவர் ஒருவர் சொல்லித்தான் அறிந்தேன்.

தோலின் மேலடுக்கில் இறந்த செல்கள் செங்கற்களைப் போல அடுக்கப்பட்டிருக்க, செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் ஆகிய கொழுப்புப் பொருள்கள் அவற்றுக்கிடையே சாந்தாக நிற்கின்றன. வெந்நீரும் சோப்பும் அந்தச் சாந்தை அரித்துவிடுவதால் உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகிறது, வெளியிலிருந்து எரிச்சலூட்டும் பொருள்கள் உள்ளே புகுகின்றன. களிம்பிலுள்ள பெட்ரோலியம் ஜெல்லி தண்ணீரைக் கொண்டுவருவதில்லை. இருக்கும் தண்ணீரைப் போகவிடாமல் மூடி, தோல் தன் சாந்தைத் தானே மீண்டும் பூசிக்கொள்ள அவகாசம் தருகிறது. கிளிசரின் ஈரத்தை ஈர்த்து வைக்கிறது. பான்தெனால் தோலுக்குள் வைட்டமின் பி5 ஆக மாறி எரிச்சலைத் தணிக்க உதவுகிறது.

ஆகவே, வெதுவெதுப்பான நீரில் குளித்து, துண்டால் தேய்க்காமல் ஒற்றியெடுத்து, மூன்று நிமிடங்களுக்குள், ஈரம் மீதமிருக்கும்போதே பூசுங்கள். ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கிய களிம்பு ஏறத்தாழ அரை கிராம். விரல்களும் சேர்ந்த இரண்டு உள்ளங்கை அளவுப் பரப்புக்கு அது போதும். இரவில் பூசிப் பருத்திக் கையுறை அணிந்து உறங்கியது எனக்குப் பெரிதும் உதவியது. மேல்தோல் புதுப்பித்துக்கொள்ள ஏறத்தாழ நான்கு வாரங்கள் ஆவதால், இரண்டு நாளில் பலன் தெரியவில்லை என்று கைவிட்டுவிடாதீர்கள்.

விலையைவிட உட்பொருள் பட்டியலையே நான் முதலில் பார்ப்பேன்: நறுமணம் சேர்த்ததை வாங்குவதில்லை. கம்பளிக் கொழுப்பான லானோலின் சிலருக்கு ஒவ்வாமை தரும் என்பதால், முழங்கையின் உட்புறத்தில் சில நாள்கள் பூசிப் பார்த்துவிட்டுத் தொடங்குவது நல்லது. நீர் கசிந்தாலோ, சீழ் வைத்தாலோ, மஞ்சள் பொருக்கு படிந்தாலோ, அது கிருமித் தொற்றாக இருக்கலாம் என்பதால் களிம்பை நம்பிக் காத்திராமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.