வேலூர் வெயிலில் சின்னப் பிள்ளைகளை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு என்ன செய்யலாம்?

கேள்வி: எனக்கு நான்கு வயதிலும் ஏழு வயதிலும் பிள்ளைகள். வேலூரில் வாடகை வீடு, மொட்டை மாடி உண்டு. விடுமுறையில் செல்போனைக் கொடுக்காமல் கைவேலை, கேக், செடி என்று ஏதாவது செய்ய வைக்கலாமா? ஓவன் கிடையாது, பெரிய செலவும் முடியாது.

பதில்: தாராளமாகச் செய்யலாம். எங்கள் வீட்டிலும் ஏறக்குறைய அதே வயதில் இரண்டு பேர், சத்துவாச்சாரியில் மாடி வீடு. ஆனால் வீடியோக்களில் வருவதை அப்படியே எடுத்துக்கொண்டால் சித்திரையில் தக்காளி விதைத்து, அது கருகுவதைப் பார்த்துக்கொண்டே அடுப்பு முன்னால் நாமும் வேகவேண்டியதுதான். நம் ஊரில் எதைச் செய்வது என்பதைவிட எப்போது செய்வது என்பதுதான் கணக்கு. கத்திரி வெயிலில் காய வைக்கிற வேலை, ஆடியில் விதைக்கிற வேலை, ஐப்பசி கார்த்திகை மழையில் கேக். வரிசை மாறினால் பிள்ளைகளுக்கு முன்னால் நமக்கு அலுத்துவிடும்.

மே மாதம் நம்மிடம் ஏராளமாக இருப்பது வெயில். அதையே வேலை வாங்குங்கள். மலிவான அடர்நிற வண்ணத் தாள் வாங்கி, அதன் மேல் வேப்பிலை, சாவி, வளையல், கத்தரித்த அட்டை எதையாவது வைத்து, காற்றில் பறக்காமல் கல் வைத்து மாடியில் விட்டுவிடுங்கள். இரண்டு மூன்று நாளில் தாள் வெளுத்துவிடும், பொருள் இருந்த இடம் மட்டும் பழைய நிறத்திலேயே நிற்கும். சாயம் நிற்காத தாளாகப் பார்த்து வாங்குவதுதான் இதில் சூட்சுமம். இந்த ஒரு வேலைக்கு மட்டும் மட்டமான சரக்கே நல்ல சரக்கு.

மதியம் வெளியே தலைகாட்ட முடியாதபோது மஞ்சள் விளையாட்டு. மஞ்சள் தூளைத் தண்ணீரில் கரைத்து வெள்ளைத் தாளில் பூசிக் காயவிடுங்கள். சோப்பு கரைத்த தண்ணீரில் குச்சியைத் தோய்த்து எழுதினால் எழுத்து சிவப்பாக வரும், மேலே எலுமிச்சைச் சாறு தொட்டால் மறுபடியும் மஞ்சளாகிவிடும். ஆரத்தித் தட்டில் சுண்ணாம்பு சேர்த்ததும் சிவக்கிறதே, அதே சங்கதிதான். சுண்ணாம்பில் இன்னும் பளிச்சென்று சிவக்கும், ஆனால் கண்ணில் பட்டால் ஆபத்து. நான்கு வயதுக்குச் சோப்பே போதும்.

அப்புறம் வடகம். ஜவ்வரிசியோ அரிசி மாவோ, முதல் நாள் இரவே கூழ் காய்ச்சி வைத்துவிட்டு, காலையில் வெயில் ஏறுவதற்குள் மாடியில் பழைய வேட்டியை விரித்துவிட வேண்டும். சின்னவர் கரண்டியால் வட்டம் விடட்டும். பெரியவருக்குச் சுத்தமாகக் கழுவிய பால் கவரில் கூழை ஊற்றி, ஒரு முனையைக் கொஞ்சமாக வெட்டிக் கொடுங்கள். தன் பெயரைப் பிழிந்து எழுதலாம். காய்ந்ததை எண்ணெயில் போட்டதும் எழுத்து இரண்டு மடங்காகப் பொரிந்து வருவதைப் பார்க்கவே தினமும் ரசம் சாதம் கேட்பார்கள். பொரிப்பது மட்டும் நம் வேலை.

இனி தோட்டம். என்னைக் கேட்டால் நம் பக்கத்துப் பிள்ளைகள் வளர்த்துப் பார்க்க வேண்டியது ரோஜாவும் இல்லை, ஸ்ட்ராபெர்ரியும் இல்லை, மல்லாட்டை, அதாவது நிலக்கடலை. வட ஆற்காட்டில் எந்தப் பக்கம் போனாலும் மானாவாரியில் விதைக்கிற பயிர். என் மாமியார் ஊர் அணைக்கட்டுப் பக்கம், யோசனை அவர்களுடையது. இதில் உள்ள அதிசயம் வேறு செடியில் லேசில் கிடைக்காது. பூ மேலே பூக்கும், காய் கீழே காய்க்கும். விதைத்து 25, 30 நாளில் மஞ்சள் பூ வரும். பூ வாடியதும் அதன் அடியிலிருந்து ஒரு விழுது நீண்டு, வளைந்து, மண்ணைக் குத்திக்கொண்டு உள்ளே இறங்கும். அதன் முனைதான் மண்ணுக்குள் காயாக மாறுகிறது. ஏழு வயதுப் பிள்ளை ஒரு விழுதில் நூல் கட்டி அடையாளம் வைத்து, அது இறங்குகிறதா என்று தினமும் போய்ப் பார்க்கலாம்.

20 லிட்டர் பெயின்ட் வாளி கட்டட வேலை நடக்கும் இடத்தில் கேட்டாலே கிடைக்கும். நன்றாகக் கழுவி அடியில் நாலைந்து ஓட்டை போடுங்கள். செம்மண், மணல், மக்கிய எரு மூன்றையும் கலந்து பொலபொலவென்று நிரப்ப வேண்டும். மண் இறுகினால் விழுது உள்ளே போகாது. விதைக்கு வறுக்காத, தோலோடு காய்ந்த மல்லாட்டை. உடைக்கும்போது உள்ளே இருக்கிற சிவப்புத் தோல் உரியக் கூடாது. ஒரு வாளிக்கு மூன்று பருப்பு ஊன்றி, முளைத்த பிறகு நல்லதாக ஒன்றிரண்டு விட்டால் போதும். ஆழம் நம் விரலில் இரண்டு கணு. 40, 45 நாளில் செடியைச் சுற்றி மண் அணைத்து, ஒரு பிடி ஜிப்சம் போட்டு, அதற்கப்புறம் கிளறாமல் விட்டுவிட வேண்டும். காய் தனக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தை மண்ணிலிருந்து நேராக எடுத்துக்கொள்ளும், அதற்குத்தான் ஜிப்சம். கொடியாகப் படராத கொத்து ரகமாக இருந்தால் மொத்தம் 105, 110 நாள். ஆடி முதல் வாரம் ஊன்றினால் தீபாவளியை ஒட்டிப் பிடுங்கலாம். வேரில் இருக்கும் சின்ன முடிச்சை நகத்தால் கிள்ளிக் காட்டுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் காற்றிலிருந்து தழைச்சத்து பிடிக்கிற வேலை ஒழுங்காக நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

எதிரி அணில்தான். விதைத்த அன்றே மேலே வலை கட்டுங்கள். நான்கு வயதுப் பிள்ளைக்கு முழுப் பருப்பு தொண்டையில் சிக்கும், நசுக்கியோ பொடித்தோ கொடுங்கள்.

தண்ணீர் விஷயம் ஒன்று. நம் ஊர் போர் தண்ணீர் பல தெருவில் உப்பு. அதையே ஊற்றிக்கொண்டிருந்தால் வாளி மண் மேல் வெள்ளை பூக்கும், இலை ஓரம் கருகும். அரிசி, பருப்பு கழுவிய தண்ணீரைப் பிடித்து வைப்பதைப் பிள்ளைகளின் பொறுப்பாக்கிவிட்டால் அதுவே பாதித் தோட்ட வேலை.

ஆடி வரை பொறுக்காத ஆளுக்கு வெந்தயம். பழைய தட்டில் மண் பரப்பி, ஊறவைத்த வெந்தயத்தைத் தூவி, வீட்டுக்குள் சன்னலோரம் வைத்தால் இரண்டு மூன்று நாளில் முளை தெரியும். இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து அதைத் தொட்டியில் வைக்க எல்லோருக்கும் ஆசை. வையுங்கள், சுவைக்கு ஈடே கிடையாது. ஆனால் பேருக்கேற்ற முள், சின்னக் கைக்குச் சரிப்படாது.

களிமண்ணை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். காட்பாடிக்கு அந்தப் பக்கம் கரிகிரி மண்பாண்டத்துக்குப் பெயர்போன ஊர், விநாயகர் சதுர்த்தி சமயத்திலோ கடைத்தெருவிலேயே களிமண் கிடைக்கும். இங்கே மட்டும் வெயிலை நம்பாதீர்கள். மேல்பக்கம் சட்டென்று காய்ந்து உள்பக்கம் ஈரமாக நின்றால் பொம்மை வெடித்துவிடும். நிழலில், ஈரத்துணி மூடி, மெதுவாகக் காய வேண்டும். துணி பொம்மைக்கு வீட்டுக்காரரின் பழைய குடியாத்தம் லுங்கி. தறித்துணி, துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகியிருக்கும். ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கத்துத் தோல் வெட்டுத் துண்டுகள் சும்மாவே கிடைக்கும், நான் கொடுப்பதில்லை. பதனிட்ட தோலில் குரோம் உப்பு இருக்கும். நான்கு வயது எதையும் வாயில் வைக்கிற வயது.

கேக்குக்கு ஓவன் வேண்டாம். பழைய குக்கரில் கேஸ்கெட்டையும் விசிலையும் கழற்றிவிட்டு, அடியில் அரை அங்குலம் உப்பு பரப்பி, மேலே ஸ்டாண்டு வைத்துப் பத்து நிமிடம் சூடாக்குங்கள். தண்ணீர் ஊற்றக் கூடாது. ஒரு டம்ளர் கோதுமை மாவு, அரை டம்ளர் கேழ்வரகு மாவு, முக்கால் டம்ளர் நாட்டுச் சர்க்கரை, முக்கால் டம்ளர் புளித்த தயிர், கால் டம்ளருக்குக் கொஞ்சம் மேல் எண்ணெய், ஒரு டீஸ்பூன் பேக்கிங் பவுடர், அரை டீஸ்பூன் ஆப்ப சோடா, ஏலக்காய். கெட்டியாக இருந்தால் பால் விட்டு இட்லி மாவுப் பதத்துக்குக் கொண்டு வாருங்கள். கேழ்வரகை மட்டும் போட்டால் பொலபொலவென்று உதிரும், பிடித்து நிறுத்தும் பசை கோதுமையில்தான் இருக்கிறது. பெரியவர் மாவு வகையைச் சலிக்கட்டும், சின்னவர் தயிரும் சர்க்கரையும் கலக்கட்டும். இரண்டையும் சேர்ப்பது மட்டும் உங்கள் கை. புளிப்பும் சோடாவும் சேர்ந்த நொடியே நுரைக்க ஆரம்பித்துவிடும், அதற்கப்புறம் ஆளுக்கு ஒரு தடவை கலக்கிக்கொண்டிருந்தால் நுரை போய்க் கேக் பலகை. எண்ணெய் தடவிய பாத்திரத்தில் பாதிக்கு மேல் ஊற்றாமல், சின்னத் தீயில் 40, 45 நிமிடம். ஈர்க்குச்சியைக் குத்தி எடுத்தால் மாவு ஒட்டக் கூடாது. மூடியைத் திறந்து திறந்து பார்த்தால் நடுவில் அமுங்கும்.

ஆற்காடு மக்கன் பேடாவையும் வீட்டில் செய்யலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். கொதிக்கிற எண்ணெய், அப்புறம் பாகு, பக்கத்தில் இரண்டு பிள்ளைகள். அதைக் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள்.